பின்னால் போகிறது, முன்னால் போகவில்லை

பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்று ஓடாமல் நின்றுவிட்டது என்று சொன்னால் கோயமுத்தூரில் முதலில் வரும் யோசனை ஒன்றுதான்: "மேனுவலா மாத்திருங்க." கியர்பாக்ஸை யாரும் கழற்றியிருக்க மாட்டார்கள். டிப்ஸ்டிக்கை உருவி எண்ணெய் என்ன நிறத்தில் இருக்கிறது என்றுகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அதற்குள் தீர்ப்பு வந்துவிடும். ஆட்டோமேட்டிக் என்றாலே கை வைக்கக் கூடாது என்ற பயம் நம் பட்டறைகளில் ஊறிப்போயிருக்கிறது. அந்தப் பயத்தினாலேயே சரிசெய்யக்கூடிய எத்தனையோ கியர்பாக்ஸ்கள் உக்கடத்திலும் சென்னை புதுப்பேட்டையிலும் பழைய இரும்பு விலைக்குப் போய்விட்டன.

என் காரின் கியர்பாக்ஸும் அந்த வழியில் போக வேண்டியதுதான். போகவில்லை. அது எப்படித் தப்பியது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இதே மாதிரி கார் வைத்துக்கொண்டு, இதே மாதிரித் தீர்ப்பைக் கேட்டுவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவர்களுக்காகத்தான் இது.

கார் 1983-ஆம் வருட மெர்சிடிஸ் 300 டி. டபிள்யூ 123 வரிசை. 1976-இல் தொடங்கிய அந்த வரிசையில் ஏறக்குறைய 27 லட்சம் கார்கள் செய்யப்பட்டன. உலகம் முழுக்க டாக்ஸியாக ஓடித் தேய்ந்த கார் அது. ஐந்து சிலிண்டர், 3 லிட்டர் டீசல் எஞ்சின். டர்போ கிடையாது. 88 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு ஒன்றரை டன் இரும்பை இழுக்கிறது. டெல்லியில் ஒரு தூதரகத்துக்கு வந்து, ஏலத்தில் போய், பல கைகள் மாறி என்னிடம் சேர்ந்தது. ஸ்டீயரிங் இடது பக்கம். கியர்பாக்ஸ் நான்கு வேக ஆட்டோமேட்டிக். 1980-களின் தொடக்கத்தில் வந்த 722.3, 722.4 குடும்பத்தைச் சேர்ந்தது.

மேட்டுப்பாளையம் ரோட்டில் காரமடை தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்திவிட்டுக் கிளம்பும்போதுதான் நின்றது. லீவரை டி-க்கு, அதாவது முன்னால் ஓட்டும் நிலைக்கு, இழுத்தேன். வழக்கமாகக் காரின் பின்பகுதி லேசாக அமுங்கும், அது இல்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறுகிறது, கார் நகரவில்லை. கீழ் கியர்களுக்கான எஸ்-க்குப் போட்டேன், எல்-க்குப் போட்டேன், ஒன்றுமில்லை. ஆர்-க்குப் போட்டதும் எந்தத் தயக்கமும் இல்லாமல் பின்னால் வந்தது. மறுபடி டி. அப்படியே நிற்கிறது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே, காலையில் குளிர்ந்த எஞ்சினில் டி போட்டால் ஒன்றிரண்டு நொடி தாமதித்துத்தான் பிடிக்கும். அந்தத் தாமதம் வளர்ந்து வளர்ந்து இங்கே வந்து முடிந்திருக்கிறது.

ரெக்கவரி வண்டி வந்ததும் ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன். வந்தவர் முன்பக்கத்தைக் கொக்கியில் மாட்டித் தூக்கிக்கொண்டு, பின்சக்கரங்கள் ரோட்டில் உருள இழுத்துப் போகலாம் என்றார். இந்தக் காரில் கியர்பாக்ஸ் பின்சக்கரங்களோடு சேர்ந்தது. சக்கரம் சுழன்றால் உள்ளே பல்சக்கரங்களும் சுழலும். ஆனால் அவற்றுக்கு எண்ணெய் அனுப்பும் பம்ப் எஞ்சின் ஓடினால்தான் ஓடும். எஞ்சினை நிறுத்திவிட்டு நீண்ட தூரம் இப்படி இழுத்தால் பல்சக்கரங்களும் புஷ்களும் காய்ந்துபோய்த் தேயும். நியூட்ரலில் மெதுவாகக் கொஞ்ச தூரம் இழுப்பதைத்தான் கையேடு அனுமதிக்கிறது. நல்ல நிலையில் இருக்கிற கியர்பாக்ஸுக்கே அப்படி. ஏற்கனவே அடிபட்ட ஒன்றை ஏன் சோதிக்க வேண்டும்? முழு காரையும் ஏற்றிக்கொள்ளும் பெட் வண்டி வரும்வரை காத்திருந்தேன். அவசரம் என்றால், கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டும் இழுக்கலாம். உங்கள் கார் எது என்றாலும் இதை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பழுதைவிட, பழுதான காரைக் கொண்டுபோகும் விதம்தான் பல நேரம் அதிக சேதம் செய்கிறது.

விசாரித்த இடங்களில் எல்லாம் ஒரே பேச்சு. கியர்பாக்ஸ் போச்சு, கிளட்ச் எல்லாம் எரிஞ்சிருக்கும், பிளேட் கிடைக்காது, கிடைத்தாலும் செய்ய ஆள் கிடையாது, மேனுவல் மாற்றினால் மைலேஜும் கூடும். சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்குத் தெரிந்த வேலையைச் சொன்னார்கள். ஒரு காலத்தில் பெட்ரோல் விலைக்குப் பயந்து பழைய அமெரிக்கக் கார்களின் எஞ்சினையே தூக்கிவிட்டு டீசல் எஞ்சினை வைத்த நாடு இது. அந்தத் திறமை சாதாரணமானது இல்லை. கார்களை ஓட வைத்தது அதுதான். ஆனால் இந்தக் காரில் மேனுவல் மாற்றுவது என்றால் கியர்பாக்ஸ் மட்டும் மாறாது. கிளட்ச் பெடல், அதற்கு மாஸ்டர் சிலிண்டர், வேறு ஃபிளைவீல், நீளம் வேறான புரொப்பல்லர் ஷாஃப்ட், நடு டனலில் வேறு லீவர், இவ்வளவும் வேண்டும். ஒரிஜினல் பாகங்கள் கிடைக்காவிட்டால் வேறொரு வண்டியின் கியர்பாக்ஸைப் பொருத்தத் தகடு வெட்ட வேண்டும். வெட்டிய தகட்டைப் பிறகு ஒட்ட முடியாது.

எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் காரின் குணமே அந்த கியர்பாக்ஸில்தான் இருக்கிறது. மலை இறங்கும்போது லீவரை எஸ்-க்குக் கொண்டுவந்தால் மூன்றாவது கியரோடு நின்றுகொண்டு, பிரேக்கை அடிக்கடி மிதிக்க விடாமல் இறங்கும். குன்னூர் ரோட்டின் கொண்டை ஊசி வளைவுகளில் அது கியரைப் பிடித்துக்கொண்டு இறங்குவதை அனுபவித்தவர்களுக்கு, அதைக் கழற்றி எறியச் சொல்வது என்ன மாதிரி வலிக்கும் என்று தெரியும்.

கடைசியில் சித்தாபுதூர் பக்கம் ஒரு சின்ன பட்டறையில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தேன். வளைகுடா நாட்டில் இருபது வருடத்துக்கு மேல் இதே வரிசைக் கார்களில் வேலை செய்து திரும்பியவர். நான் "கியர்பாக்ஸ் போயிருச்சுங்கண்ணா" என்று தொடங்கினேன். அவர் காரைச் சுற்றிக்கூட வரவில்லை.

"ரிவர்ஸ் எடுக்குதுங்களா தம்பி?"

"எடுக்குதுங்கண்ணா. நல்லாவே எடுக்குது."

"அப்பறம் எப்படிங் கியர்பாக்ஸ் போயிருக்கும்?"

அந்த ஒரு கேள்வியில் முழு வேலையும் அடங்கியிருந்தது. அவர் சொன்ன கணக்கை விளக்க வேண்டுமென்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இந்த கியர்பாக்ஸில் கம்ப்யூட்டர் கிடையாது. சென்சார் கிடையாது. கிக்டவுனுக்கு, அதாவது ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்ததும் கீழ் கியருக்கு இறங்குவதற்கு, ஒரு சின்ன மின்வால்வு இருக்கிறது, அவ்வளவுதான் மின்சாரம். மற்ற எல்லாவற்றையும் எண்ணெயின் அழுத்தம்தான் தீர்மானிக்கிறது. எஞ்சின் ஓடியதும் முன்னால் இருக்கும் பம்ப் எண்ணெயை அழுத்துகிறது. டார்க் கன்வெர்ட்டர் வழியாக எஞ்சினின் விசை உள்ளே வருகிறது. உள்ளே இருக்கும் பிளானட்டரி பல்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே இருக்கும். எந்தப் பாகத்தை நிறுத்திவைக்கிறோம், எதை எதோடு சேர்த்துக் கட்டுகிறோம் என்பதைப் பொறுத்து கியர் மாறும். நிறுத்திவைப்பது பிரேக்கின் வேலை. சேர்த்துக் கட்டுவது கிளட்சின் வேலை. இதில் பி1, பி2, பி3 என்று மூன்று பிரேக்குகள். கே1, கே2 என்று இரண்டு கிளட்ச்கள். பி1-உம் பி2-உம் பேண்ட் வகை. ஒரு டிரம்மைச் சுற்றி எஃகுப் பட்டை, அதன் முனையை ஒரு பிஸ்டன் தள்ளினால் பட்டை இறுகி டிரம் நின்றுவிடும்.

எப்போது எந்த வால்வு திறக்க வேண்டும் என்பதற்கு இரண்டு அழுத்தங்கள் போட்டி போடுகின்றன. பின்பக்கத்தில் கவர்னர் என்று ஒன்று சுழல்கிறது. கார் வேகமாகப் போகப் போக அதன் அழுத்தம் ஏறும். அது மேல் கியருக்குத் தள்ளப் பார்க்கும். மறுபக்கம், நாம் ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதிக்கிறோம் என்பதிலிருந்து வரும் அழுத்தம் அதைத் தடுத்துப் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவில் வால்வு பாடியில் ஸ்பிரிங் வைத்த சின்னச் சின்ன வால்வுகள். எந்தப் பக்கம் ஜெயிக்கிறதோ அந்தப் பக்கம் வால்வு நகரும், கியர் மாறும். எண்ணெயையும் ஸ்பிரிங்கையும் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் பெட்டியையே செய்திருக்கிறார்கள். டெய்ம்லர்-பென்ஸ் சொந்தமாக ஆட்டோமேட்டிக் செய்யத் தொடங்கியது 1961-இல். அந்த அனுபவம் எல்லாம் சேர்ந்து முதிர்ந்த காலத்து வடிவம் இது.

இப்போது அவர் கேட்ட கேள்விக்கு வருவோம். ரிவர்ஸ் எடுக்க வேண்டுமென்றால் பம்ப் அழுத்தம் தர வேண்டும். டார்க் கன்வெர்ட்டர் விசையைக் கடத்த வேண்டும். எண்ணெய் போதுமான அளவு இருக்க வேண்டும், ஃபில்டர் அடைபடாமல் இருக்க வேண்டும், பின்பக்க ஷாஃப்ட் உடையாமல் இருக்க வேண்டும். ரிவர்ஸ் உறுதியாக எடுக்கிறது என்றால் இவை எல்லாமே நலம். ரிவர்சுக்கு வேலை செய்வது பி3. முன்னால் போவதற்கு பி2. முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது மூன்றுக்குமே பி2 பேண்ட் பிடித்தாக வேண்டும். நான்காவதுக்கு மட்டும் அது வேண்டாம், ஆனால் முதல் கியரில் கிளம்பாத கார் நான்காவதுக்கு எப்படிப் போகும்? ஆக பி2 ஒன்று கைவிட்டால் முன்னால் போகவே போகாது, பின்னால் மட்டும் போகும். என் கார் காரமடையில் செய்தது அட்சரம் பிசகாமல் அதுதான்.

பிறகு அவர் டிப்ஸ்டிக்கை உருவினார். வெள்ளை பனியன் துணியில் துடைக்கவில்லை. "நூல் உதிருங் தம்பி" என்று சொல்லி ஒரு பழைய தோல் துண்டை எடுத்தார். அந்த நூல் டிப்ஸ்டிக்கோடு உள்ளே போய் ஒரு வால்வில் சிக்கினால் போதும், அது நகராமல் நின்றுவிடும். எண்ணெய் செர்ரிச் சிவப்பில் இருந்தது. விரல்களுக்கு நடுவே தேய்த்து முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். கருகிய வாடை இல்லை, துகள் இல்லை. கிளட்ச் எரிந்திருந்தால் எண்ணெய் பழுப்பாகவோ கருப்பாகவோ மாறி, மூக்கைத் துளைக்கும் நாற்றம் அடிக்கும். இளஞ்சிவப்பில் பால் கலந்த மாதிரி இருந்தால் அது வேறு கதை. ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் கசிந்து கூலன்ட் கலந்துவிட்டது என்று பொருள். கூலன்ட் போய் கிளட்ச் பிளேட்டின் லைனிங்கை ஒட்டியிருக்கும் பசையைக் கரைத்துவிடும். அப்படி வந்த கியர்பாக்ஸை முழுவதும் பிரித்தே ஆக வேண்டும். என்னுடையதில் அந்த இரண்டுமே இல்லை.

எண்ணெய் அளவு பார்ப்பதிலும் நம் ஊரில் நிறையக் குழப்பம். எஞ்சின் ஆயிலை அணைத்துவிட்டுப் பார்க்கிற மாதிரி இதைப் பார்க்கக் கூடாது. சமதளத்தில் நிறுத்தி, லீவரைப் பி-யில் வைத்து, எஞ்சின் ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கும்போது, நன்றாகச் சூடேறிய பிறகு பார்க்க வேண்டும். எண்ணெய் 80 டிகிரி அளவுக்கு வந்திருக்க வேண்டும். குறைந்தபட்சக் கோட்டுக்கும் அதிகபட்சக் கோட்டுக்கும் இடையே வெறும் 0.3 லிட்டர்தான் வித்தியாசம். குளிர்ந்திருக்கும்போது கோட்டுக்குக் கீழே தெரிகிறதே என்று ஒரு லிட்டர் ஊற்றிவிடுகிறார்கள். கூடுதல் எண்ணெயைச் சுழலும் பாகங்கள் அடித்து நுரையாக்கிவிடும். நுரையில் அழுத்தம் நிற்காது. அதன் பிறகு வழுக்கத் தொடங்கும். "கியர்பாக்ஸ் போச்சு" என்ற பேச்சு அங்கிருந்தும் கிளம்பும்.

அந்தச் சிவப்பு எண்ணெய்க்கு ஒரு வரலாறும் இருக்கிறது, படித்தபோது எனக்கு மனசு கனத்துப்போனது. பட்டையும் கிளட்சும் வெடுக்கென்று பிடிக்காமல் இதமாகப் பிடிக்க வேண்டுமென்றால் எண்ணெயில் அதற்கென்று ஒரு பொருள் கலக்க வேண்டும். நெடுங்காலம் அதற்குப் பயன்பட்டது எண்ணெய்த் திமிங்கிலத்தின் கொழுப்பு. டெக்ஸ்ரான் என்பது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயின் ஒரு தரப் பெயர். 1960-களில் வந்த முதல் டெக்ஸ்ரானிலும் அது இருந்தது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா திமிங்கில எண்ணெயைத் தடை செய்த பிறகுதான் செயற்கை மாற்றுக்கு வந்தார்கள், டெக்ஸ்ரான் 2 பிறந்தது. என் காருக்கு உரியது அந்தக் குடும்பத்து எண்ணெய்தான். இன்றைக்குப் புதுக் கார்களுக்கு வரும் மெல்லிய எண்ணெய்களை இதில் ஊற்ற எனக்கு விருப்பமில்லை. டெக்ஸ்ரான் 3 தரத்தில் இன்னும் கிடைக்கிறது, அதையே ஊற்றுகிறேன்.

எண்ணெய் சுத்தமாக இருந்ததால், போயிருப்பது பி2 பேண்டைத் தள்ளும் பிஸ்டனாகத்தான் இருக்க வேண்டும். அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்கவே தேவையில்லை. இதைக் கேட்டபோது என்னால் நம்ப முடியவில்லை. பிஸ்டன் கியர்பாக்ஸின் பக்கவாட்டில் ஒரு வட்ட மூடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. மூடியை ஒரு சர்க்லிப், அதாவது பள்ளத்தில் உட்காரும் எஃகு வளையம், பிடித்திருக்கிறது. காரைத் தூக்கி நிறுத்தி, குறுக்குச் சட்டத்தைத் தளர்த்திக் கொஞ்சம் இடம் செய்துகொண்டால் கை போகும். சிக்கல் ஒன்றுதான்: மூடிக்குப் பின்னால் கனமான ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கிறது. மூடியை உள்ளே அழுத்திப் பிடித்தால்தான் சர்க்லிப்பை எடுக்க முடியும். எடுத்த பிறகும் மெதுவாகத் தளர்த்த வேண்டும், இல்லையென்றால் மூடி தெறித்து முகத்தில் அடிக்கும். அதற்கென்று தனி டூல் உண்டு. அது நம் ஊரில் எங்கே கிடைக்கும்?

கணபதியில் ஒரு லேத் பட்டறையில் கிடைத்தது. கிடைத்தது என்றால், செய்து கொடுத்தார்கள். மெக்கானிக் அண்ணன் சிகரெட் அட்டையின் பின்னால் ஒரு படம் போட்டுக் கொடுத்தார். கியர்பாக்ஸ் உடம்பில் இருக்கும் விளிம்பைக் கவ்விக்கொள்ள ஒரு வளைந்த கொக்கி, அதன் நடுவே மரை வெட்டிய தண்டு, தண்டின் முனையில் மூடியின் மேல் உட்காரும் ஒரு கிண்ணம். லேத்காரர் படத்தைத் திருப்பிப் பார்த்து இரண்டே கேள்வி கேட்டார்: மூடியின் விட்டம் என்ன, எவ்வளவு தூரம் அழுத்த வேண்டும்? சாயங்காலம் தயார். மரையைப் பொடிசாக வெட்டியிருந்தார், திருகத் திருக மயிரிழை அளவில் நகர்வதற்காக. பம்ப்செட்டும் மில் பாகமும் செய்து வளர்ந்த ஊர் இது. பாகம் கிடைக்காது என்று சொல்லி ஒரு நல்ல கியர்பாக்ஸைக் கைவிடுவதற்குக் கோயமுத்தூரில் இருக்கிற நமக்கு நியாயமே கிடையாது என்பது என் உறுதியான எண்ணம்.

பிஸ்டன் மட்டும் வெளியிலிருந்து வர வேண்டியிருந்தது. ஜெர்மனியிலிருந்து தருவித்துக் கொடுப்பவர் ஒருவர் மூலமாகச் சொல்லி, கஸ்டம்ஸ் எல்லாம் கடந்து வந்து சேர்ந்தது. மேனுவல் மாற்றக் கேட்ட தொகையோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம்.

பிரித்த அன்று நானும் காருக்கு அடியில் படுத்திருந்தேன். முதலில் எண்ணெயை வடித்தோம். கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் பேனில் எண்ணெயை வடிக்க ஒரு கட்டை (டிரெய்ன் பிளக்) இருக்கிறது, அதற்கு 5 மில்லிமீட்டர் ஆலன் கீ. பெரும்பாலானவர்கள் அதோடு விட்டுவிடுவார்கள். டார்க் கன்வெர்ட்டரிலும் தனியாக அப்படி ஒரு கட்டை உண்டு. கிராங்க் நட்டில் 27 சைஸ் சாக்கெட்டைப் போட்டு எஞ்சினைக் கையால் சுற்றினால், கியர்பாக்ஸின் முன்பக்கத் திறப்பில் அந்தக் கட்டை தெரியும். அதையும் திறந்தால்தான் பழைய எண்ணெய் பெரும்பகுதி இறங்கும். இரண்டு கட்டைகளையும் திரும்ப மாட்டும்போது 14 நியூட்டன் மீட்டர் போதும். முரட்டுத்தனமாக இறுக்கினால் மரை போய்விடும்.

லேத்தில் செய்த டூலை மாட்டித் திருகினார். மூடி உள்ளே போனது. சர்க்லிப்பை இரண்டு சின்ன ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்தார். பிறகு மெல்ல மெல்லத் தளர்த்தினார். கடைசித் திருகில் மூடி கையில் வந்தது, பின்னால் ஸ்பிரிங் வந்தது, அதன் பின்னால் பிஸ்டன் இரண்டு துண்டாக வந்தது. அலுமினிய வட்டின் நடுவே, பேண்டைத் தள்ளும் தண்டு உட்காரும் இடத்தைச் சுற்றி, வளையம் போட்ட மாதிரி விரிசல் ஓடி நடுப்பகுதி தனியாகக் கழன்றிருந்தது. விரிசலின் ஒரு பக்கம் மங்கலாக, எண்ணெய் படிந்து பழையதாக இருந்தது. மறுபக்கம் பளபளவென்று புதிதாக உடைந்த உலோகம். காலையில் டி தாமதித்த வாரங்கள் அந்த மங்கல் பக்கம். காரமடை இந்தப் பளபளப்பு. ரப்பர் விளிம்பும் கல் மாதிரி இறுகியிருந்தது. எண்ணெய் அழுத்தம் வட்டைத் தள்ளியிருக்கிறது, ஆனால் தள்ளிய விசை தண்டுக்குப் போகவில்லை. நாற்பது வருடமாக ஒவ்வொரு முறை டி போடும்போதும் அடி வாங்கிய பாகம். அது இவ்வளவு நாள் தாங்கியதே பெரிது.

புதுப் பிஸ்டனையும் பழையதையும் அருகருகே வைத்து, தண்டின் நீளம் ஒன்றுதானா என்று அளந்த பிறகே மாட்டினார். நீளம் மாறினால் பேண்டின் இடைவெளி மாறும். ஒன்று வழுக்கும் அல்லது உரசிக்கொண்டே இருக்கும். உடைந்த துண்டு எதுவும் உள்ளே தங்கவில்லை என்று உறுதி செய்துகொள்ள ஆயில் பேனை இறக்கி, ஃபில்டரை மாற்றி, பேனின் அடியில் விரலால் துழாவினோம். மெல்லிய சாம்பல் நிற மாவு மட்டும் படிந்திருந்தது. அந்த வயதுக்கு அது இயல்பு. புது எண்ணெய் ஊற்றி, சூடேற்றி, டி போட்டதும் பின்பகுதி அமுங்கியது.

இத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் ஓட்டிப் பார்த்தபோது கியர் மாறும் ஒவ்வொரு முறையும் முதுகில் குத்துவது போல் ஒரு வெட்டு. இதுவும் புதிது இல்லை, முன்பே லேசாக இருந்தது. இப்போது எல்லாம் சரியாகப் பிடிக்கத் தொடங்கியதும் தெளிவாகத் தெரிந்தது. இந்த இடத்தில்தான் டபிள்யூ 123 டீசல் கார்களின் விசேஷமான ஒரு சங்கதி வருகிறது.

பெட்ரோல் காரில் எஞ்சினின் உறிஞ்சு குழாயில் தானாகவே வாக்குவம், அதாவது வெற்றிட இழுப்பு, உருவாகும். மிதிக்க மிதிக்கக் குறையும். அதை நேராக கியர்பாக்ஸில் இருக்கும் மாடுலேட்டருக்குக் கொடுத்தால் நாம் எவ்வளவு மிதிக்கிறோம் என்று அது தெரிந்துகொள்ளும். இந்த டீசல் எஞ்சினில் உள்ளே போகும் காற்றைத் தடுக்கும் திராட்டில் தகடு கிடையாது, அதனால் வாக்குவமும் கிடையாது. ஆகவே எஞ்சினின் முன்பக்கம் தனியாக ஒரு வாக்குவம் பம்ப் வைத்திருக்கிறார்கள். இன்ஜெக்‌ஷன் பம்ப்பின் மேல் ஒரு சின்ன வால்வு, ஆக்ஸிலேட்டர் நகர்வுக்கு ஏற்ப அந்த வாக்குவத்தைக் குறைத்துக் கூட்டி கியர்பாக்ஸுக்கு அனுப்புகிறது. இதே பம்ப்தான் பிரேக் பூஸ்டருக்கும் வாக்குவம் கொடுக்கிறது. சாவியைத் திருப்பினால் எஞ்சினை அணைப்பதும் அதே வாக்குவம். நான்கு கதவு, டிக்கி, டீசல் டேங்க் மூடி எல்லாவற்றின் சென்ட்ரல் லாக்கும் அதே வாக்குவம். ஆகவே ஏதோ ஒரு கதவுக்குள் ரப்பர் சவ்வு கிழிந்தால், கியர்பாக்ஸ் முரடாக மாறும். வாக்குவம் குறைந்தால் மாடுலேட்டர், காலை நன்றாக மிதித்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு அழுத்தத்தை ஏற்றிவிடும்.

என் காரில் சாவியைத் திருப்பிய பிறகும் எஞ்சின் சில நொடி ஓடிவிட்டுத்தான் நிற்கும். வெட்டும் அதுவும் ஒரே நோயின் இரண்டு அறிகுறி. கையால் இயக்கும் வாக்குவம் பம்ப்பும் ஒரு மீட்டரும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கிளையாகப் பிரித்துச் சோதித்தோம். பிரேக் பூஸ்டரில் வாக்குவம் இறங்காமல் நின்றது. மாடுலேட்டரிலும் நின்றது, அதன் குழாயில் சிவப்பு எண்ணெய் இருக்கிறதா என்றும் பார்த்தோம், இருந்தால் அதன் சவ்வு கிழிந்திருக்கும். லாக் கிளையில் மீட்டர் முள் மளமளவென்று இறங்கியது. கதவு கதவாகப் பிரித்துப் போனால் பின்பக்க வலது கதவில் சவ்வு கிழிந்திருந்தது. எஞ்சின் அறையில் குழாய்கள் சேரும் ரப்பர் இணைப்புகளும் வெடித்திருந்தன. இணைப்புகளையும் கதவில் இருக்கும் அந்த யூனிட்டையும் மாற்றியதும் எஞ்சின் சாவியோடு நின்றது, கியர் வெட்டும் போனது. கியர்பாக்ஸை ஓவராலிங் செய்தாலும் இந்த வெட்டு போயிருக்காது. கதவுக்குள் இருக்கும் கோளாறைக் கியர்பாக்ஸுக்குள் தேடிக் காசைக் கொட்டியவர்களை எனக்குத் தெரியும், அவர்களுக்காக வருத்தமாகத்தான் இருக்கிறது.

மாடுலேட்டரின் பின்னால் ரப்பர் மூடிக்கு அடியில் ஒரு திருகு உண்டு. அதைத் திருப்பினால் கியர் மாறும் கடினத்தைக் கூட்டிக் குறைக்கலாம். என் காரில் யாரோ முன்பு அதைத் தாராளமாகத் திருப்பி வைத்திருந்தார்கள், வாக்குவம் கசிவை மறைப்பதற்காக இருக்கலாம். கசிவை நிறுத்தாமல் அந்தத் திருகில் கை வைக்காதீர்கள். வெட்டு குறைவது போல் தெரியும், ஆனால் உள்ளே கிளட்ச் மெதுவாகப் பிடித்து வழுக்கித் தேயும். வெட்டிப் பிடிக்கும் கியர்பாக்ஸ் பல வருடம் வரும். வெண்ணெய் மாதிரி வழுக்கி மாறுவது சீக்கிரம் போய்ச் சேரும்.

மருந்து டப்பாக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வழுக்குகிற கியர்பாக்ஸில் ஊற்றினால் சரியாகிவிடும் என்று விற்கும் திரவங்கள், இயந்திரம் வைத்து அழுத்தி ஃபிளஷ் செய்வது, இந்த இரண்டையும் நான் இந்தக் காருக்குப் பக்கத்தில் விட மாட்டேன். உடைந்த அலுமினியத்தை எந்தத் திரவமும் ஒட்டாது.

கார் இப்போது ஓடுகிறது. மேட்டுப்பாளையம் தாண்டி மலையும் ஏறி இறங்கியாயிற்று. மிச்சம் இருப்பது ஒன்று: இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது, லேசான மிதிப்பில், எஞ்சின் ஒரு நொடி சத்தம் கூடிவிட்டுப் பிடிக்கிறது. இந்தக் குடும்பத்து கியர்பாக்ஸ்களில் இது பரவலாகக் காணப்படுவது. கே1 கிளட்ச் பிடிக்கும் நேரத்தைத் தீர்மானிக்கும் ஸ்பிரிங்கை மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். ஸ்பிரிங் செட் வந்துவிட்டது, அடுத்த எண்ணெய் மாற்றத்தோடு சேர்த்துச் செய்யலாம் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். பின்பக்க சீலிலும் ஈரம் தெரிகிறது, அதையும் அப்போதே பார்த்துவிடுவோம்.

லேத்தில் செய்த அந்த அழுத்தும் டூலைப் பட்டறையிலேயே விட்டு வைத்திருக்கிறேன். 722.3 அல்லது 722.4 வைத்திருக்கும் யாருக்காவது கார் பின்னால் மட்டும் போகிற நிலை வந்தால் எழுதுங்கள். டூலும் தருகிறேன், லேத்காரரிடம் இருக்கும் அளவுகளையும் வாங்கித் தருகிறேன். அதற்கு முன்னால் யாரிடமும் மேனுவல் மாற்ற அட்வான்ஸ் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.